உப்பிடாத அன்ரியை உள்ளளவும் நினைக்கிறேன்: திருநெல்வேலியில் ஒரு வீட்டுச் சாப்பாடு

கடை என்று சொல்கிறேன், உண்மையில் அது ஒரு வீட்டின் பின்பக்கக் குசினி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். பெயர்ப்பலகை கிடையாது, முகநூலிலும் இல்லை, கம்பஸ் பிள்ளைகளுக்கும் தனியாக இருக்கிற வயதானவர்களுக்கும் மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன், "வேண்டாம் பிள்ளை, பிறகு ஆக்கள் கூடினால் என்னாலை சமாளிக்கேலாது" என்று அன்ரி சொல்லிவிட்டார். அதனால் இடத்தைச் சொல்லாமல் ஒரு விமர்சனம். சிரிக்காதீர்கள்.

சாதாரண நாளில் இங்கே சாப்பாடு எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் முதலில் சாப்பிட்டது இரண்டு கிழமை, அதுவும் ஒரு கல் உப்புக்கூட இல்லாமல்.

விஷயம் இதுதான். எனக்குத் தைரொயிட்டில் பப்பிலரி வகைப் புற்றுநோய். ஜனவரியில் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மே மாதம் கதிரியக்க அயடீனுக்குத் திகதி வந்தது, 100 மில்லிகியூரி. தைரொயிட் கலம் எங்கே மிச்சமிருந்தாலும் அது அயடீனை இழுத்துக்கொள்ளும், அப்படி இழுக்கும்போது கதிர்வீச்சும் சேர்ந்து உள்ளே போய் அந்தக் கலத்தை அழிக்கும், இதுதான் வைத்தியம். ஆனால் அந்தக் கலங்கள் அயடீனுக்கு ஏங்கிப்போய் இருக்க வேண்டும். அதற்காக நான்கு கிழமைக்கு முன்பே, சுரப்பிக்குப் பதிலாகக் குடிக்கிற தைரொக்சின் குளிசையை நிறுத்தினார்கள், தைரொயிட்டைத் தூண்டுகிற டிஎஸ்எச் என்கிற ஹோர்மோனின் அளவு 30க்கு மேலே ஏற வேண்டுமாம். கடைசி இரண்டு கிழமை சாப்பாட்டில் அயடீனைக் குறைக்க வேண்டும், நாளுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே. சாதாரணமாக ஒரு ஆளுக்குத் தேவைப்படுவது 150.

குளிசையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காண்டாவன வெயில் கொளுத்துகிறது, நான் போர்வைக்குள் குளிரில் கிடக்கிறேன். முகம் ஊதி, குரல் தடித்து, ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் ஒரு மணித்தியாலம் படுக்க வேண்டும். மகள் ஒன்றைக் கேட்டால் பதில் வாய்க்கு வர நேரம் எடுக்கும். (குளிசையை நிறுத்தாமலே இரண்டு ஊசி போட்டு இதைச் செய்யலாம், ஆனால் அதன் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் பேசாமல் வந்துவிட்டோம்.) இந்த நிலையில் நானே எனக்கெனத் தனியாகச் சமைப்பதா? இவர், என் கணவர், ஒருநாள் சமைத்துப் பார்த்தார். அன்றைக்கு இரவே ஆள் தேடத் தொடங்கினோம்.

நாலு இடத்தில் கேட்டோம். ஒரு இடத்தில் "மரக்கறிச் சாப்பாடுதானே, நாங்கள் விரதத்துக்குக் கொடுக்கிறது மாதிரித் தாறம்" என்றார்கள். நல்லூர் கொடியேறினால் 25 நாளும் மச்சம் தொடாத ஊருக்கு மரக்கறி ஒரு பெரிய வேலையே இல்லை என்பது எனக்கும் தெரியும், ஆனால் இது மரக்கறிக் கணக்கு இல்லை. பால், தயிர், மோர் கூடாது. முட்டையில் மஞ்சள் கரு கூடாது, வெள்ளை மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. இலங்கையில் 1995இலிருந்து விற்கிற உப்புக்கு அயடீன் சேர்க்க வேண்டும் என்பது சட்டம், அதுவும் நல்லதுக்குத்தான், கழுத்து வீங்குகிற கண்டமாலையைக் குறைப்பதற்கு. ஆனையிறவுப் பக்கத்துக் கல்லுப்பு என்றால் பரவாயில்லையா என்று கேட்டேன், கடலுப்பே வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு கடைக்காரர் "கொஞ்சமாப் போடுறம், தெரியாது" என்றார். யாருக்குத் தெரியாது, எனக்கா, அயடீனுக்கா?

எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று ஆஸ்பத்திரியில் தந்த தாளை அன்ரி மட்டும்தான் கேட்டார்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில், எங்கேயோ வெளிநாட்டில் எழுதியதை அப்படியே படியெடுத்தது. கடற்பாசி சாப்பிடாதே, சீஸ் சாப்பிடாதே, சுஷி சாப்பிடாதே. நான் வாழ்நாளில் சுஷி கண்டதில்லை. ஆனால் மாசி மீனைப் பற்றி ஒரு வரி இல்லை, கருவாடு இல்லை, ஒடியல் கூழ் இல்லை, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் எதுவும் இல்லை. இந்த ஊரில் அயடீன் எந்தச் சாமானில் ஒளிந்திருக்கும் என்று அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்? அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகனை வாசித்து மொழிபெயர்க்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார். "அப்ப சம்பலுக்கு மாசி போடக்கூடாது. பாண்? பாணிலை உப்பு இருக்குத்தானே. கடையிலை வாங்கிற சரக்குத்தூளுக்கு என்ன போடுறாங்களோ தெரியாது, நான் வீட்டிலை வறுத்து இடிச்சதைப் போடுறன். கேசரிக்குப் போடுற சிவப்புக் கலர்?" அந்தக் கடைசிக் கேள்வியில் நான் அசந்துபோனேன். ஈ127 என்கிற சிவப்புச் சாயத்தில் உண்மையிலேயே அயடீன் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது, கலர் எதுவும் உடம்புக்குக் கூடாது என்ற பொதுவான சந்தேகம்தான், ஆனால் கேட்டாரே.

ஏன் இப்படி என்று நான் விளக்கப்போனேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் போறவன் விடியச் சாப்பிடாமல் போற மாதிரி." டொக்டர் இருபது நிமிடம் சொன்னது இதைத்தான்.

இனிச் சாப்பாடு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று எழுதி வைத்தவர் அன்ரியின் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பைச் சாப்பிட்டிருக்க மாட்டார். முதல் நாள் மட்டும் நாக்கு உப்பைத் தேடிக்கொண்டே இருந்தது, உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. மூன்றாம் நாளிலிருந்து வேறு சுவைகள் தெரியத் தொடங்கின. உப்பு இல்லாத இடத்தை அவர் புளியாலும் உறைப்பாலும் நிரப்பியிருந்தார். இறக்கும்போது தேசிக்காய்ப் புளி, குழம்புக்குப் பழப்புளி கொஞ்சம் கூட, மிளகும் உள்ளியும் இடித்துப் போட்ட ரசம், நல்லெண்ணெயில் நன்றாகக் கருக விட்ட சின்ன வெங்காயம். மாங்காய் போட்ட தேங்காய்ப்பால் சொதிக்கு உப்பில்லை என்று சொன்னால்தான் தெரியும். எள்ளை வறுத்துச் செத்தல் மிளகாயோடு இடித்த சம்பல் ஒன்று, அதை இப்போதும் கேட்டு வாங்குகிறேன். வாழைப்பொத்தி வறை சுமார். பருப்பு மட்டும் கடைசி வரைக்கும் சரிவரவில்லை, உப்பில்லாத பருப்பை யாராலும் காப்பாற்ற முடியாது என்று நினைக்கிறேன்.

விடியச் சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொண்டோம், புட்டும் இதரை வாழைப்பழமும், பால் இல்லாத பிளேன்ரீயும் பனங்கட்டியும். மாம்பழக் காலம் என்பதால் கறுத்தக்கொழும்பான் கைகொடுத்தது. மே மாதத்தில் திகதி கிடைத்தால் அந்த ஒன்றுக்காவது சந்தோஷப்படுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பன்னிரண்டரைக்கு என்று சொன்ன சாப்பாடு இரண்டு தடவை இரண்டு மணிக்கு வந்தது. எண்ணெய் கூட, உப்பில்லாததை எண்ணெயால் ஈடுகட்டுகிறார் போல. ஐந்தாம் நாள் சோற்றுக்கு மேலே வழக்கம்போல ஒரு அப்பளம் உட்கார்ந்திருந்தது, உதவிக்கு வருகிற பெண் பழக்கதோஷத்தில் வைத்துவிட்டாராம். நான் போன் எடுத்ததும் அன்ரி தானே ஓட்டோ பிடித்து வேறு சாப்பாட்டோடு வந்துவிட்டார், அப்பளத்தின் உப்பு சோற்றில் பட்டிருக்கும் என்று முழுப் பார்சலையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என் சட்டிக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்தார். விலை 450 ரூபா, மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட நூறு ரூபா கூட. தனிச் சட்டி, தனி அகப்பை, தனியாகச் சமைக்கிற நேரம் எல்லாம் சேர்த்தால் அது நியாயம். இவருக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்.

வைத்தியம் தெற்கே ஒரு ஆஸ்பத்திரியில். நானூறு கிலோமீற்றர் பயணத்துக்கு எள்ளுருண்டை கட்டித் தந்தார், எள்ளும் பனங்கட்டியும் மட்டும். ஈயப் பாத்திரத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு குளிசை, அதை விழுங்கியதும் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு இரவு. தண்ணீர் குடி, சிறுநீர் கழி, இரண்டு தடவை ஃபிளஷ் பண்ணு, குளி, திரும்பவும் தண்ணீர் குடி. உடம்பு பிடித்துக்கொள்ளாத அயடீனில் பெரும்பகுதி அந்த இரண்டு நாளில் சிறுநீரோடு போய்விடும். அதனால் தண்ணீர் விஷயத்தில் கள்ளம் செய்யாதீர்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொஞ்ச அயடீனை இழுக்குமாம், அதற்குப் புளிப்பு ரொபி சூப்பச் சொல்வார்கள். எப்போது தொடங்குவது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது, எனக்கு அடுத்த நாளிலிருந்து என்றார்கள், நீங்கள் உங்கள் டொக்டரைக் கேளுங்கள். எனக்கு இரண்டாம் நாள் காதுக்குக் கீழே வீங்கி நொந்தது, பிறகு குறைந்துவிட்டது. அந்த அறையில் எள்ளுருண்டை இரண்டு சாப்பிட்டேன், மிச்சம் ஓங்காளத்தில் இறங்கவில்லை.

திரும்பி வந்தது வாடகை வானில், பின்சீற்றின் மூலையில், சாரதியிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. மகளுக்கு ஆறு வயது. அவளைச் சாவகச்சேரிக்கு அம்மம்மாவிடம் அனுப்பிவிட்டோம். சின்னப்பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது, தனி அறை, தனிக் கோப்பை, தனித் துவாய். எனக்குத் தந்த அயடீன் 131இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிர் பாதியாகக் குறைகிற காலம், எட்டு நாள். உடம்பிலிருந்து அதைவிட வேகமாகப் போய்விடும் என்றாலும், டொக்டர் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை போனில்தான் மகளைக் கொஞ்சினேன்.

ஊரில் இதை எப்படி எடுப்பார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்தினார்கள், அதைப் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. அன்ரிக்குப் போன் எடுத்து, இப்படி இப்படி, உடம்பில் கதிர் இருக்கிறது, சாப்பாடு தருவீர்களா என்று கேட்டேன். "அணுகுண்டு மாதிரியோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப படலையிலை கொழுவிவிடச் சொல்லுறன், பெடியன் போனபிறகு வந்து எடுங்கோ." அவ்வளவுதான் பேச்சு. முதல் நாள் பெடியன் பையைக் கொழுவிவிட்டு சைக்கிளில் பறந்த பறப்பைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த இடைவெளியை அவன் என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். நான்காம் நாள் ரோட்டில் நின்று "அக்கா சுகமோ?" என்று கத்திவிட்டுப் போனான்.

அன்ரி வாழையிலையில் கட்டி அனுப்பினார், சாப்பிட்டுவிட்டு எறிந்துவிடலாம் என்று. ஆஸ்பத்திரியில் கேட்டேன். எறிகிற சாமானைக் கூட்டாமல் கழுவக்கூடிய கோப்பையில் சாப்பிடுவதுதான் நல்லது என்றார்கள், எச்சில் பட்ட இலை குப்பையில் கிடக்கக் கூடாதாம். அதனால் இலையிலிருந்து என் கோப்பைக்கு மாற்றிச் சாப்பிட்டு, அதை நானே தனியாகக் கழுவினேன். தூக்குச்சட்டி வாங்குவதாக இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள், உங்கள் வாய் பட்ட கரண்டி அதற்குள் போகக்கூடாது.

குளிசை குடித்து இரண்டு நாளில் உப்புச் சாப்பிடலாம் என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் இவர் பாசையூரில் போய் நண்டு வாங்கி வந்து, அவருடைய அக்கா சமைத்து, பதினாறு நாள் கனவு கண்ட நண்டுக்கறி. வாயில் வைத்தால் இரும்பு. பழைய தண்ணீர்க் குழாயை நக்கியது போல. அயடீன் நாக்கையும் கொஞ்சம் பதம் பார்த்துவிடும் என்று தாளில் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. இரண்டு மாதம் ஆனது சரிவர. அந்த நாட்களில் எனக்கு ஓரளவாவது உணர்ந்து சாப்பிட முடிந்தது அன்ரியின் புளிக்குழம்பும் எள்ளுச் சம்பலும்தான், உப்போடு கேட்டும் உப்பில்லாமல் கேட்டும் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னபோது அவர் கொஞ்சம் மனம் நொந்துவிட்டார்.

ஒரு கிழமையில் எடுத்த ஸ்கானில் கழுத்தில் ஒரு சின்னப் பொட்டு மட்டும் தெரிந்தது, வேறு எங்கேயும் இல்லை. மகள் வந்துவிட்டாள். தைரொக்சின் விடிய வெறும் வயிற்றில் திரும்பத் தொடங்கியாயிற்று.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், ஒன்று அந்த இரண்டு மணிச் சாப்பாட்டுக்காக. வேண்டியவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், அன்ரியிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு முன் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார், அன்றைக்கு மட்டும் சாப்பாடு பிந்தும்.