டர்பனுக்கு வேன் இருக்கை பதிவு செய்யும் முன் இதைப் படியுங்கள்: 4,800 ராண்ட் போயிற்று

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்ல என்னென்ன வழிகள் உண்டு, எதற்கு எவ்வளவு நேரமும் பணமும் ஆகும் என்று நிதானமாக ஒரு பதிவு எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன். அந்த நிதானம் இப்போது இல்லை. ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே உள்ள லெனேசியாவில் ஒரு பயண முகவரிடம் 4,800 ராண்டை இழந்து, தைப்பூசத்தன்று என் தாயாரின் நேர்த்திக்கடனும் அரைகுறையாக முடிந்த வயிற்றெரிச்சலில் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருக்கும் அம்மா, டர்பனில் தைப்பூசத்துக்குப் பாற்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். என் மனைவியின் அக்காள் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் இருப்பதால் தங்குவதற்குக் கவலை இல்லை. போய்ச் சேர்வதுதான் கவலை. என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர், காரில் ஆறு மணி நேரம். எங்கள் பழைய காரை நம்பி, சரக்கு லாரிகள் வரிசையாக இறங்கும் வான் ரீனன் கணவாயில் அம்மாவை அழைத்துச் செல்ல எனக்குத் துணிவு வரவில்லை. விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்றாலும், கிங் ஷாகா விமான நிலையம் நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி லா மெர்சியில் இருக்கிறது, சாட்ஸ்வர்த்தோ நகருக்குத் தெற்கே இருக்கிறது; நான்கு பேருக்கான கட்டணத்தோடு அங்கிருந்து வாடகைக் காரில் போகும் செலவையும் கூட்டிப் பார்த்து விட்டுவிட்டோம். தொலைதூரப் பேருந்துக்கு, ஜோகன்னஸ்பர்க் நகர மையத்தில் உள்ள பார்க் ஸ்டேஷன் வரை பெட்டிகளுடன் போக வேண்டும். ஆகவே வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கும் வேன் என்ற விளம்பரம் எங்களுக்காகவே போட்டதுபோல இருந்தது.

அந்த முகவரின் கடை ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், துணிக்கடைக்கும் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே இருந்தது. மேசைக்கு மேலே முருகன் படம், புதிய சாமந்தி மாலை, கீழே திருநீற்றுத் தட்டு. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டவுடன் முகவர் எழுந்து வந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "வணக்கம் ஆயா, நீங்கள் என் ஆயா மாதிரியே இருக்கிறீர்கள்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. ஆனால் வந்த நாள் முதலாக வெளியில் ஒரு தமிழ்ச் சொல்லும் காதில் விழாமல் இருந்த அம்மாவுக்கு அந்த நான்கு சொற்களே போதுமானவையாக இருந்தன. முகவர் அம்மாவின் நெற்றியில் திருநீறும் இட்டார். "பிள்ளை நல்ல பிள்ளையாக இருக்கிறது, பணத்தைக் கட்டிவிடப்பா" என்றார் அம்மா.

போய்வர ஆளுக்கு 1,200, நான்கு பேருக்கு 4,800 ராண்ட். மேசையில் அட்டை இயந்திரம் இருந்தது, ஆனால் அதன் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. "இயந்திரம் கெட்டுவிட்டது அண்ணா, கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஓர் எண்ணைக் கொடுத்தார். அது கடையின் பெயரில் இல்லை, தனிமனிதர் ஒருவர் பெயரில் இருந்தது. பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன். இந்த ஒரு நிமிடத்தைத்தான் ஒன்பது நாளாக நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு வேன் வர வேண்டும். பெட்டிகளோடு வாசலில் நின்றோம். ஐந்தே முக்காலுக்கு அழைத்தபோது, "கிளம்பிவிட்டது அண்ணா, பத்து நிமிடம்" என்றார். ஏழு மணிக்கு, ஹைடல்பெர்க் அருகே டயர் வெடித்துவிட்டது என்றார். ஹைடல்பெர்க் டர்பன் போகும் வழியில் இருக்கிறது. எங்களை இன்னும் ஏற்றாத வேனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன், இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. முன்பு அவர் அனுப்பியிருந்த வேனின் படத்தை அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். எண் பலகை சி.ஏ. என்று தொடங்கியது. அது கேப் டவுன் வண்டிகளுக்கு உரிய எழுத்து.

அன்று இரவு பார்க் ஸ்டேஷனிலிருந்து தொலைதூரப் பேருந்தில், மறுபடியும் முழுக் கட்டணம் செலுத்திப் புறப்பட்டோம். முழங்கால் வலியுள்ள அம்மா இரவெல்லாம் உட்கார்ந்தபடியே வந்தார். நாங்கள் கோயிலை அடைந்தபோது பாற்குடங்கள் புறப்பட்டுப் போயிருந்தன. வாளியில் கொண்டு வந்த பாலை அம்மா வாசலிலேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

திரும்பி வந்து கடைக்குப் போனால், ஓட்டுநர் மீதுதான் தவறு என்றார்கள். மறுநாள், கணக்குப் பார்க்கும் பெண் விடுப்பில் இருக்கிறாள் என்றார்கள். அதற்கு மறுநாள், ஏழு வேலை நாளில் 4,800 ராண்டும் வந்துவிடும் என்றார்கள். எந்த நாளிலிருந்து ஏழு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வங்கியிலோ, கணக்கு விட்டுக் கணக்கு அனுப்பிய பணத்தைப் பெற்றவரின் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்; அட்டையில் கட்டியிருந்தால் முறையிடவாவது வழி இருந்திருக்கும்.

விரிவாக அறிவுரை எழுதப் பொறுமை இல்லை. தனிமனிதர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். வேனின் எண்ணையும், பயணிகளை ஏற்றிச் செல்ல ஓட்டுநருக்கு உள்ள அனுமதி அட்டையையும் முதலில் கேளுங்கள். முருகன் படத்தைப் பார்த்துப் பணத்தை எடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். 20,000 ராண்ட் வரையுள்ள கோரிக்கைகளைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். அதற்கு முன் பணத்தைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும்.

நான் கடிதம் கொடுத்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. கடையில் இருந்த பெண் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருநீற்றுத் தட்டுக்கு அடியில் செருகி வைத்தாள். அட்டை இயந்திரத்தின் மேல் துணி இல்லை. எனக்கு அடுத்து நின்றவர் அதில்தான் பணம் கட்டினார்.