பென் டிஸ்ப்ளே: எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்தப் பச்சையைத் தவிர

ஆஃபரில் பென் டிஸ்ப்ளே விலை இறங்கினாலும் இறங்கியது, "வாங்கலாமாக்கா?" என்று மெசேஜ் வந்தபடி இருக்கிறது. குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி போன் போட்டே கேட்டுவிட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 16 அங்குல பென் டிஸ்ப்ளே, அதாவது லேப்டாப்போடு இணைத்து, திரை மேலேயே பேனாவை வைத்து வரைகிற சாதனம். 8192 அழுத்த நிலை, ரெசல்யூஷன், பேனாவின் சாய்வு எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். என் புகார் ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். இதற்கு முன்னால் வைத்திருந்தது திரையில்லாத டேப்லெட், பேனாவால் வரைகிற வெறும் கறுப்புப் பலகை. கை மேஜையில், கண் மானிட்டரில். மரம், வீடு, பின்னணி எல்லாம் அதில் சௌகரியமாகவே வரையலாம். முகம்தான் பெரும்பாடு. படப் புத்தகத்தில் ஒரு குழந்தையின் முகம் என்பது பெரும்பாலும் இரண்டு புள்ளியும் ஒரு சின்ன வளைவும்தான். புள்ளி ஒரு மயிரிழை தள்ளினாலும் சிரிக்கிற பிள்ளை திருதிருவென்று முழிக்கிற பிள்ளையாகிவிடும். திரையிலேயே பேனாவை வைத்து வரைய ஆரம்பித்த பிறகு அந்தப் போராட்டம் போயே போச்சு. ஓரங்களில் மட்டும் பேனா நுனிக்கும் கோட்டுக்கும் லேசான இடைவெளி தெரியும். அது பழகிவிடும்.

சரி, பச்சைக்கு வருகிறேன்.

ஒரு கிளியின் கதை வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கிளி. சிவப்பு அலகு, கழுத்தைச் சுற்றி ரோஸ் வளையம், உடம்பெல்லாம் அந்தப் பச்சை. திரையில் பார்க்கவே குளுகுளுவென்று இருந்தது. பதிப்பகத்துக்கு பிடிஎஃப் அனுப்பினேன். அவர்கள் அதைப் போனில் பார்த்தார்கள். போன் திரை என் திரையைவிடப் பளிச்சென்று காட்டும். "சூப்பர் மேடம், அப்படியே போயிடலாம்" என்றார்கள். புத்தகம் வந்தது. பூச்சில்லாத சாதா மேப்லித்தோ தாளில் என் கிளி வேகவைத்த பீன்ஸ் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. பின்னாலேயே போனும் வந்தது: "போன்ல பார்க்கும்போது நல்லா இருந்துச்சே மேடம், ஏன் இப்படி டல்லடிக்குது?"

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சத்தில் பச்சையும் ஒன்று. ஃபோர் கலர் அச்சில் சயான் என்ற வெளிர்நீலம், மஜெண்டா என்ற கருஞ்சிவப்பு ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நாலு மைதான், பச்சை மை என்று ஒன்று கிடையாது. சயானையும் மஞ்சளையும் பொடிப்பொடிப் புள்ளிகளாக ஒன்றின் மேலும் பக்கத்திலும் அடித்து, தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் பச்சை என்று கண்ணை நம்பவைக்க வேண்டும். பளீர்ப் பச்சை, கனகாம்பர ஆரஞ்சு, கிருஷ்ணர் நீலம் எல்லாம் திரையில் இருக்கிற மாதிரி இந்த நாலு மையில் அடங்காது. வழவழப்பான ஆர்ட் பேப்பராவது மையை மேலேயே நிறுத்தும். மேப்லித்தோ உறிஞ்சிக்கொள்ளும், புள்ளி பரவும், நிறம் இன்னும் மங்கும். குழந்தைகள் ஆசைப்படுகிற நிறங்களாகப் பார்த்து இந்த மைகளுக்கு ஆகாமல் போனதை என்னவென்று சொல்வது!

அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி சாஃப்ட்வேரில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எந்த மெஷின், எந்தத் தாள் என்று தெரிந்து, அதில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ப்ரொஃபைல் ஃபைலும் கையில் இருந்தால் ஓரளவு உதவும். எந்த அச்சகம் என்பதே பல சமயம் புத்தகம் கைக்கு வந்து முதல் பக்கத்தைப் புரட்டும்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று எல்லாப் பதிப்பகமும் ஒரே நேரத்தில் ஓடும். அதற்கு முந்தைய மாதங்களில்தான் சிவகாசியில் காலண்டரும் டைரியும் குவிந்து கிடக்கும். அந்த நெரிசலில் ஒரு கிளிக்காக யார் முன்கூட்டியே மாதிரித் தாள், அதாவது ப்ரூஃப், அடித்துக் காட்டுவார்கள்? அம்புலிமாமா வந்துகொண்டிருந்த காலத்தில் பத்திரிகை ஆபீசும் அச்சகமும் வடபழனியில் ஒரே வளாகத்தில் இருந்தன. எனக்கு மேஜை வளசரவாக்கத்தில், மெஷின் 500 கிலோமீட்டருக்கு அப்பால்.

இப்போது செய்வது இதுதான். பழகிய அச்சகக்காரர் ஒருவர், வேறு வேலை ஓடும்போது தாளின் ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் நான் கொடுத்த நிறக் கட்டங்களை அடித்துக் கொடுத்தார். ஆர்ட் பேப்பரில் ஒன்று, மேப்லித்தோவில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் எத்தனை சதவீதம் எந்த மை என்று இருக்கும். அதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். கிளிக்கு சயான் 50, மஞ்சள் 100, மஜெண்டா பூஜ்யம். மஜெண்டா பத்து சதவீதம் எட்டிப் பார்த்தாலே பச்சை அழுக்காகத் தெரிய ஆரம்பிக்கும். நீலத்தில் சயானையும் மஜெண்டாவையும் சமமாகப் போட்டால் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். மஜெண்டாவை நன்றாக இறக்க வேண்டும். அப்புறம், கிளியைச் சுற்றி இருக்கிற இலைகளை வேண்டுமென்றே கொஞ்சம் பழுப்படித்துவிட்டால், இருக்கிற பச்சையே எடுப்பாகத் தெரியும். இதை எந்தத் திரையும் சொல்லித்தராது.

ஆக, நிறம் காட்டுவதற்காகவே இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய திரையில் நிறத்தை நம்பாமல், சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறேன். பெட்டியில் துல்லியமான வண்ணம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது கண்ணில் படும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நியாயமாகப் பார்த்தால் அது பொய்யில்லை. செயலிக்கும் யூடியூப் கதைக்கும் வரைகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அவர்களுக்குத் திரையில் தெரிவதுதான் கடைசி வடிவம். ஆனால் புத்தகத்துக்கு வரைகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை வாசகம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நான் எதிர்பார்க்காத சந்தோஷமும் ஒன்று உண்டு. ஒரே புத்தகம் தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று பல மொழியில் வரும். மொழி மாறும்போது கறுப்பு மைக்கான அச்சுத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பதற்காக எழுத்து முழுவதையும் தனிக் கறுப்பில் வைப்பார்கள். படத்துக்குள் வருகிற கடைப் பலகைக்கும் பஸ் போர்டுக்கும் அதே கதைதான். காகிதத்தில் வரைந்த காலத்தில் போர்டை வெறுமையாக விட்டுவிட்டு வேறு யாரோ டைப் அடித்து ஒட்டுவதைப் பார்த்து வயிறெரிவேன். இப்போது ஒரே படத்தின் மேல் மொழிக்கு ஒரு லேயர், அதாவது தனி அடுக்கு, எல்லாம் என் கையெழுத்து. இங்கிலீஷைவிடத் தமிழ் வரி நீண்டுவிட்டால் மேகத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன், முடிந்தது. இது சாஃப்ட்வேரின் புண்ணியம், டிஸ்ப்ளேக்குப் பங்கில்லை என்று வாதாடலாம். திரையிலேயே எழுத முடியாவிட்டால் எனக்கு அந்தக் கையெழுத்து வராது.

மற்றபடி சென்னைக்கென்று சில தொல்லைகள். கத்திரி வெயிலில் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டும். இரண்டு விரல் உறை போட்டே ஆக வேண்டும். சொரசொரப்பான ஃபிலிம் ஒட்டினால் கை வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் நிப்பைத் தின்றுவிடும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் முழித்திருக்கும், டிஸ்ப்ளே செத்துக் கிடக்கும். இன்வர்ட்டர் எடுக்கிற அந்த நொடியில் வரைந்துகொண்டிருந்த பக்கம் லேப்டாப் திரைக்குத் தாவிவிடும், திரும்ப இழுத்து வர வேண்டும்.

போன வாரம் கேபிள் சொருகும் இடம் ஆட ஆரம்பித்து, திரை மினுக்மினுக் என்றது. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றணும் என்று புது டிஸ்ப்ளே விலையில் பாதியைச் சொன்னார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு தம்பி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "சாக்கெட் மட்டும்தான்க்கா ஆடுது" என்று புதியதை சால்டர் பண்ணிக் கொடுத்தான். ஆயிரத்துக்குள் முடிந்தது. இந்த டிஸ்ப்ளே வாங்கியதே கிட்டத்தட்ட ஒரு முழுப் புத்தகத்தின் சம்பளம். புத்தகம் அச்சாகி, பில் போட்டு, ரெண்டு தடவை நினைவூட்டி, டிடிஎஸ் 10 சதவீதம் போக வந்த பணம். அதனால்தான் இந்த எரிச்சல்.

தங்கச்சியிடம் சொன்னது இதுதான்: அச்சுப் புத்தகம்தான் உன் வேலை என்றால் வாங்காதே. திரையில்லாத டேப்லெட் வாங்கு, மிச்சப் பணத்தில் நிற அட்டை அடித்து வைத்துக்கொள். டிஸ்ப்ளேக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். இன்றைக்கு இரண்டு. "அப்போ உங்களோடதை எனக்குக் குடுத்துடுங்கக்கா" என்றாள். அதெப்படி, அடுத்த கதையில் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள், அத்தனை முகத்தையும் பழைய பலகையில் போட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் பாருங்கள். கேபிள் தனியாகக் கிடைக்கிறதா, சாக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது? வரைகிற கைப் பக்கம் இருந்தால் முழங்கை இடித்து இடித்தே ஆடிப்போகும்.