நேப்பிள்ஸில் ஒரு நாள்: 30 யூரோ நடைச் சுற்றுலா எப்படி?

போன அக்டோபரில் நானும் என் பையனும் ரோமுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு கன்னியர் மடத்தில் அக்கா இருக்கிறார். ராயப்பர், அதாவது புனித பேதுரு, பெயரில் அமைந்த ராயபுரத்திலிருந்து போகிறவர்களுக்கு ரோமில் பார்க்க எவ்வளவோ உண்டு, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியும் விட்டார்கள். நான் எழுத வந்தது, அங்கிருந்து அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் நேப்பிள்ஸ் போய்வந்தது பற்றி. பையனுக்குப் பதினாலு வயது. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பந்து ஆடுகிறவன். "மரடோனா ஆடின ஊரைப் பார்க்காம வீட்டுக்கு வரமாட்டேன்மா" என்று ஒற்றைக்காலில் நின்றான்.

விரைவு ரயிலில் ரோமிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம்தான். எட்டரைக்கெல்லாம் இறங்கிவிட்டோம். சுற்றுலா பத்தரைக்கு என்பதால், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் போர்ட்டா நோலானா மீன் சந்தைக்கு முதலில் போனோம். மீன் வாடை பிடிக்காதவர்கள் இதை விட்டுவிடலாம். எனக்குக் கால் தானாக உள்ளே போனது. எங்கள் அப்பா காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கூடை நிரப்பியவர். இங்கே மட்டிகளைத் தண்ணீர் ஓடும் தட்டுகளில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஓடு திறந்து திறந்து மூடுகிறது, சின்னதாகத் தண்ணீர் பீய்ச்சுகிறது. நெத்திலி மாதிரி ஒன்று, பேர் அலீச்சி, வெள்ளித் தகடாகக் குவிந்து கிடந்தது. உப்பில் காய்ந்த காட் மீனைத் தொட்டியில் ஊறவைத்தே விற்கிறார்கள். கருவாட்டை இப்படி ஊறவைத்து விற்று நான் பார்த்ததில்லை. பழக்கதோஷத்தில் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டிவிட்டேன். கடைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். அப்புறம் அவரே விரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார், நல்ல ரத்தச் சிவப்பு. தொழில் தெரிந்தவள் என்று புரிந்துகொண்டார்.

சரி, சுற்றுலாவுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் மூன்று மணி நேரம், ஒருவருக்கு 30 யூரோ, மூன்று பேருக்கு 90. ஜேசு நுவோவோ கோயில் வாசலில் ஆரம்பம். வழிகாட்டி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், ஐம்பது வயதிருக்கும். இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார். அந்த நேரம் முழுக்கக் கோயில் முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாகச் செதுக்கிய கருங்கல். ஒரு காலத்தில் பிரபு ஒருவரின் மாளிகைச் சுவராக இருந்ததை அப்படியே கோயிலுக்கு வைத்துக்கொண்டார்களாம். 1943 ஆகஸ்டில் கூரையைத் துளைத்து விழுந்தும் வெடிக்காமல் போன ஒரு குண்டின் கூடு உள்ளே இருக்கிறது. 1914-இல் எம்டன் கப்பல் நம்ம துறைமுக எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்ட கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். சட்டென்று அங்கிருந்து நகர முடியவில்லை.

கொடுத்த காசுக்கு மேலே கிடைத்தது அதே கோயிலில் மொஸ்காத்தி கல்லறை அருகே. ஜுசெப்பே மொஸ்காத்தி ஒரு டாக்டர். 1927-இல், 46 வயதில் இறந்தார். 1987-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஏழைகளிடம் பணம் வாங்கமாட்டார், மருந்துச் சீட்டோடு தன் காசையும் மடித்து வைத்துக் கொடுப்பார். அவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் ஒரு தொப்பி இருக்குமாம். உள்ளவர்கள் போடுங்கள், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருப்பாராம். பக்கத்திலிருக்கும் வெண்கலச் சிலையின் கை, தொட்டுத் தொட்டு அந்தக் கை மட்டும் பொன் மாதிரி மின்னுகிறது. பழைய வண்ணாரப்பேட்டை ஐந்து ரூபாய் டாக்டர் ஜெயச்சந்திரனைப் பற்றி வழிகாட்டியிடம் சொன்னேன். 2018-இல் அவர் இறந்தபோது நம்ம பக்கம் எப்படி அழுதது என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். இந்த ஒரு கால் மணிக்காகவே 30 யூரோ தகும்.

அடுத்து ஸ்பாக்கா நாப்போலி. ஊரை இரண்டாகப் பிளப்பது மாதிரி நேராக ஓடும் சந்து. தெருக்கள் இப்படிக் கோடு போட்டது போல இருப்பது கிரேக்கர்கள் வகுத்த ஒழுங்கு, 2,500 வருடப் பழசு. நெயாபோலிஸ் என்றால் புது ஊர். நம்ம புது வண்ணாரப்பேட்டை மாதிரி, எத்தனை வயதானாலும் பெயரில் புதுசு போகாது.

குறையையும் சொல்ல வேண்டும். முன்பதிவுப் பக்கத்தில் சான்செவேரோ சிற்றாலயமும் பட்டியலில் இருந்தது. வெளியே நிறுத்தி வாசலைக் காட்டியதோடு சரி, டிக்கெட் தனி. இதை முன்னாலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். எங்களோடு வந்த வயதான தம்பதி உள்ளே போக முடியாமல் முகம் வாடிப் போனார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அக்கா இரண்டு வாரம் முன்பே தனியாக டிக்கெட் எடுத்து வைத்திருந்ததால் நாங்கள் தப்பித்தோம். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை, படம் எடுக்கவும் கூடாது.

உள்ளே நடுவில் திரையிட்ட கிறிஸ்து. 1753-இல் சான்மார்ட்டினோ என்ற சிற்பி செதுக்கியது. இறந்து கிடக்கும் இயேசுவின் மேல் மெல்லிய துணி. உடல், துணி எல்லாமே ஒரே பளிங்குக் கல். நெற்றியில் புடைத்த நரம்பு துணிக்குக் கீழே தெரிகிறது. உள்ளங்கையில் ஆணி போன குழியில் துணி லேசாக உள்ளே இறங்கியிருக்கிறது. கால்மாட்டில் முள்முடியும் குறடும். ரசவாதத்தால் நிஜத் துணியைக் கல்லாக்கினார்கள் என்று ஊரில் ரொம்ப நாள் பேச்சாம், பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது. அக்கா பெரிய வியாழன் இரவு நற்கருணை முன் நிற்பது போல நின்றார். நாங்கள் கூப்பிடவில்லை.

சாப்பாடு: நாலாக மடித்துக் காகிதத்தில் தரும் பீட்சா, நின்றபடியே முடிந்தது. சைவக்காரர்களுக்கு ஒரு தகவல். மரினாரா என்றால் கடலோடிகளின் பீட்சா என்று அர்த்தம், ஆனால் அதில் மீன் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். சீஸ்கூட இல்லை.

நாலு மணிக்கு ஸ்பானியக் குடியிருப்பு. கற்கள் பதித்த ஏற்றம், வழுக்கும், நல்ல ஷூ வேண்டும். தலைக்கு மேலே ஈரத் துணி, காலுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர். பையையும் போனையும் முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே வெட்டவெளியில் ஒரு கட்டடத்தின் முழுச் சுவரிலும் மரடோனா. 1984-இல் இந்த ஊர் அணிக்கு ஆட வந்தவர், 1987-லும் 1990-லும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அந்த 1990-லேயே வரைந்த படம் இது. இதற்கு எந்தச் சுற்றுலாவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கீழே சுற்றிலும் உலகம் முழுக்க வந்தவர்கள் விட்டுப்போன சட்டைகளும் கழுத்துத் துணிகளும்.

பையன் பையைத் திறந்தான். உள்ளே அவனுடைய டீம் ஜெர்சி, தோய்த்து மடித்தது. அதை ஊரிலிருந்தே எடுத்து வந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கம்பியில் கட்டக் கை எட்டவில்லை. அங்கே சால்வை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவன் ஏறிக் கட்டி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.