சாயம் பூசி விற்கப்படும் ‘உலர்ந்த தேக்கு’: பலகை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் பொழுதுபோக்காகத் தச்சுவேலை செய்பவர்கள், ‘நன்றாக உலர்த்திய, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம்) இல்லாத தேக்கு’ என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் பலகையில் எந்தப் பக்கமும் வெறும் மரமாகத் தெரியாமல் எல்லாவற்றிலும் சாயமோ மெழுகோ பூசப்பட்டிருந்தால், அதை வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது. அப்படிப்பட்ட பலகைகளைத் தேக்கின் முழு விலை கொடுத்து வாங்கி, ஒரு மேசையும் அதற்கான உழைப்பும் வீணானதால் இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் கையாண்ட முறையைத் தெரிந்துகொள்வதுதான் வாங்குபவருக்குப் பயன்படும்.

எனக்குத் தேவைப்பட்டது 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மேசைத்தளம். காட்டப்பட்ட பலகைகள் எல்லாம் ஒரே சீரான பழுப்பு நிறத்தில், கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாதபடி அடுக்கப்பட்டிருந்தன. புதிதாக இழைத்த தேக்கில் பொன்னிறமும் பச்சை கலந்த பழுப்பும் கரும்பட்டைகளும் ஒழுங்கின்றிக் கலந்திருக்கும். வெளிச்சம் படப்படத்தான் அவை மெல்ல ஒரே நிறமாக அடங்கும். அதைச் சொல்லிக் கேட்டபோது, நெடுநாள் காற்றோட்டத்தில் கிடந்து நிறம் அடங்கிய சரக்கு என்று விடை வந்தது. கேட்பவர் எவரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய விடைதான் அது. ஈரத்தைப் பற்றிக் கேட்டதும், அவரே ஈரப்பத மீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிகளையும் பலகையின் நுனியருகே லேசாக ஊன்றி, திரையில் 10 (விழுக்காடு) என்ற எண்ணைக் காட்டினார். பலகைகளின் இரு நுனிகளிலும் உள்ள வெட்டுமுகங்களில் பெயின்ட் தடிப்பாக அப்பியிருந்தது. பலகையின் மற்ற பக்கங்களைவிட வெட்டுமுகத்தின் வழியாகத்தான் ஈரம் பன்மடங்கு வேகமாக வெளியேறும் என்பதால், அங்கே பூச்சு கொடுத்து வெடிப்பைத் தடுப்பது நேர்மையான மரக்கிடங்குகளிலும் உள்ள வழக்கம். ஆனால் இந்தப் பெயின்டுக்கு அடியில், மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்த வெடிப்புகள் ஏற்கெனவே இருந்தன என்பது ரம்பத்தை வைத்த பிறகே தெரிந்தது.

பலகைகள் நான்கு பக்கமும் இழைத்து மட்டம் செய்யப்பட்டே வந்ததால், ஒட்டுவதற்காக ஓரங்களை மட்டும் சீவினேன். அங்கே வெளிறிய மரம் தென்பட்டது. ஓரத்தில் சிறிது வெள்ளை நிற்பது தேக்கில் இயல்பு. குட்டு வெளிப்பட்டது பாலிஷ் வேலையில்தான். முதல் பூச்சு வார்னிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தபோது துணி செம்பழுப்பாக மாறியது. தேய்த்த இடத்தில் பலகை திட்டுத்திட்டாக வெளுத்தது. சில வாரங்களில் தளம் நடுவில் குழிந்து, இரண்டு பலகைகள் ஒட்டிய இடத்தில் முனையிலிருந்து பிளவு ஓடியது. திருகாணிகள் நகர்வதற்காகச் சட்டத்தில் நீள்துளைகள் விட்டிருந்தும், அந்த இடைவெளி முழுவதையும் தளம் இழுத்துக்கொண்டு, அதற்கு மேலும் சுருங்க முயன்றிருக்கிறது.

இதன் கணக்கு எளிது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. அங்கிருந்து முற்றிலும் உலரும்வரை தேக்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கே சுமார் 2.5 விழுக்காடும் சுருங்கும். மற்றப் பல மரங்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. தேக்குக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும், வளையங்கள் அகலவாட்டில் படுத்திருக்கும்படி அறுத்த பலகையில் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அகலம் கிட்டத்தட்ட 0.2 விழுக்காடு குறையும். 22 விழுக்காட்டில் (என் பலகையில் பின்னர் அளந்து கண்ட ஈரம்) ஒட்டிய 60 சென்டிமீட்டர் தளம் 12 விழுக்காட்டுக்கு வரும்போது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் சுருங்கியாக வேண்டும். பருவத்துக்குப் பருவம் நிகழும் அசைவுக்காக விடும் நீள்துளை இதற்குப் போதாது.

விற்றவரிடம் சென்றபோது, “சார், மரம் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்” என்று தொடங்கி, பாலிஷ் தரம் குறைவு, அறை அதிகமாகக் காய்ந்திருக்கிறது என்று அடுத்தடுத்துக் காரணம் சொன்னார். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ள அறையில் மரம் 12 விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கும். 10 என்று அவர் காட்டிய எண் உண்மையாக இருந்திருந்தால் தளம் சுருங்குவதற்கு மாறாகச் சற்று விரிந்திருக்க வேண்டும் என்று விளக்கியதற்கு அவரிடம் பதில் இல்லை.

மீதமிருந்த பலகை ஒன்றை நுனியிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி அறுத்து, புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் ஊசிகளை ஊன்றியபோது மீட்டர் 20-ஐத் தாண்டியது. நுனியும் மேற்பரப்பும் வெயிலில் காய்ந்திருக்க, நெஞ்சுப்பகுதி ஈரமாகவே இருந்திருக்கிறது. மீட்டரின் மேல் பழி விழக்கூடாது என்பதற்காக எடை பார்த்தும் உறுதி செய்தேன். நடுப்பகுதியிலிருந்து வெட்டிய சிறு துண்டின் எடை 61 கிராம்; அதை ஓவனில் 103 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எடை இனிக் குறையாது என்னும் நிலை வரும்வரை வைத்திருந்ததில் 50 கிராம் மிஞ்சியது. குறைந்த 11 கிராமை உலர்ந்த எடையால் வகுத்தால் 22 விழுக்காடு. ஈரத்தை அளக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. சமையலறைத் தராசும் வெப்பத்தைச் சரியாகக் காட்டும் ஓவனும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

சாயத்தைப் பொறுத்தவரை ஒரு சிறு எச்சரிக்கை. தின்னரில் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தால் நிறம் வெளிவரும், அதுவே போலிக்குச் சான்று என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறான சோதனை. அசல் தேக்கின் வைரப்பகுதியில் (தண்டின் உட்புறத்து முதிர்ந்த, அடர்நிற மரத்தில்) இயற்கையாக உள்ள எண்ணெயும் நிறப்பொருள்களும்கூடத் துணியில் மஞ்சள் பழுப்பாகப் படியும். இழைப்புளியே சரியான சாட்சி. பலகையின் அகலமான முகத்தில் மெல்லிய சுருளாக இரண்டு மூன்று முறை சீவினால், அசல் வைரம் அடியிலும் பழுப்பாகவே இருக்கும். பதப்படுத்திய தோலை நினைவூட்டும் மணம் எழும். விரலில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு தட்டும். என் பலகையில் காகிதத் தடிமன் சீவியதுமே வெளிர்மஞ்சள் மரம் வந்துவிட்டது. அகலத்தில் பாதிக்கு மேல் வெள்ளை. வெள்ளைப் பகுதிக்குத் தேக்கின் நீடித்துழைக்கும் தன்மை கிடையாது. அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடித் துளைக்கும் வண்டுகளும் உண்டு. ஒரு பலகையில் குண்டூசித் தலை அளவு துளைகளும், தட்டினால் மாவுபோல் உதிரும் தூளும் கண்டேன். அவற்றின் மேலும் மெழுகு அடைக்கப்பட்டிருந்தது.

ஆகவே, பலகை எடுக்கப் போகும்போது சிறிய இழைப்புளி ஒன்றையும் சொந்த மீட்டரையும் உடன் கொண்டுசெல்லுங்கள். முகத்தில் ஓரிடத்தைச் சீவிப் பார்க்கவும், நுனியை அறுத்துத் தள்ளிவிட்டு உள்ளே அளக்கவும் சம்மதிக்காத கடையில் பேரம் பேசுவதே வீண். அறுக்கும் கூலியைத் தனியாகத் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மீட்டரில் மர வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதைத் தேக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேறு மரத்துக்கான அமைப்பில் எண் பிசகும். அடுக்கின் மேலிருக்கும் பலகையை மட்டும் அளந்துவிட்டு வராமல் நடுவிலிருந்தும் ஒன்றை உருவச் சொல்லுங்கள்.

விற்றவர் கடைசியாக மாற்றுப் பலகை தருவதாகச் சொன்னார். தர முன்வந்ததும் அதே அடுக்கிலிருந்துதான், அதே நிறத்தில். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அவர் நீட்டியது நான் கொண்டுபோன ரசீதையே. அதில் ‘மரப்பலகை’ என்றும் அளவும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. தேக்கு என்றோ உலர்த்தியது என்றோ ஒரு சொல் இல்லை. வாய்மொழியாகத் தரும் உறுதிகளான மரத்தின் பெயர், வைரப்பகுதி மட்டுமே என்ற நிபந்தனை, விற்ற நாளின் ஈர அளவு, குறை கண்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு ஆகிய அனைத்தையும் பணம் கொடுப்பதற்கு முன்பே ரசீதில் எழுதச் சொல்லி, கையொப்பமும் வாங்கிவிடுங்கள்.