கூரையில் சோலார்: பில் இறங்கியது, புகை இறங்கியதா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் பூட்டியது 2018 இல். 2016 இல் அரசாங்கம் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் நெட் அக்கவுண்டிங் முறையை எடுத்தோம். நாங்கள் அனுப்பும் யூனிட்டும் எடுக்கும் யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழியும். மிஞ்சினால் முதல் 7 வருடத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, பிறகு 13 வருடத்துக்கு 15 ரூபா 50 சதம். பின்னால் சேர்ந்தவர்களுக்கு விலை வேறு.

பணக் கணக்கில் எனக்குக் குறையே இல்லை. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது அக்கம்பக்கத்தார் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

பராமரிப்பைப் பற்றித்தான் விற்பவர்கள் வாய் திறப்பதில்லை. கடற்கரை ஊரில் பனலுக்கு முதல் எதிரி உப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணாடியை விரலால் இழுத்தால் தூசியும் உப்பும் சேர்ந்த சாம்பல் நிறக் கோடு விழும். அலுமினியச் சட்டம் அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்திருந்த சாதாரண இரும்பு போல்ட்டுகள் துருப்பிடித்து உதிர, எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கழுவுவதென்றால் விடியக்காலையில்தான். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கக்கூடும். காகத்தின் எச்சம் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பனலில் விழும் மறைப்பு அதனோடு தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். மாரியில், குறிப்பாக நவம்பர், டிசம்பரில், உற்பத்தி நன்றாகவே விழும். அதற்கு வைத்தியம் இல்லை.

இன்னொன்று. பாட்டரி இல்லாத சோலார் கரண்ட் வெட்டில் உதவாது. லைனில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்று, மின்சார சபையின் மின்சாரம் நின்றதும், பனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது கூரையில் வெயில் கொளுத்த, கீழே நாங்கள் பனையோலை விசிறியோடு இருந்தோம்.

சரி, புகை விசயம், அதாவது காபனீரொட்சைட்டு. டொரன்டோவில் இருக்கும் தம்பி ஊருக்கு வர டிக்கெட் போட்டபோது, விமானப் பயணத்தின் காபனை வேறொரு இடத்தில் குறைத்து ஈடுசெய்ய மேலதிகமாகக் காசு கட்டலாம் என்று திரையில் ஒரு பெட்டி வந்ததாம். "அண்ணா, உங்கட சோலாரைக் காட்டி என்ட பயணத்தைக் கழிக்கேலாதா?" என்று கேட்டான். கழிக்க முடியாது. அப்படி விற்கும் ஒரு காபன் கிரெடிட் என்பது ஒரு தொன் காபனீரொட்சைட்டைக் குறைத்ததற்கான சான்று. அந்தக் காசு வராவிட்டால் அந்தக் குறைப்பு நடந்திருக்காது என்று காட்ட வேண்டும். நான் சோலார் போட்டது பில்லுக்காக. அவன் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும். காட்டைக் காப்பதாக விற்கும் கிரெடிட்டுகளிலும் இதே சந்தேகம்தான்: காசு வராவிட்டால் அந்தக் காடு உண்மையிலேயே வெட்டப்பட்டிருக்குமா?

என் வீட்டுக் கணக்கிலும் ஓட்டை உண்டு. நண்பகலில் தள்ளிய யூனிட்டை இரவில் திருப்பி எடுத்தால் பில்லில் பூச்சியம். ஆனால் இரவு ஓடும் ஃபேனுக்கு வரும் மின்சாரத்தில் கணிசமான பங்கு நுரைச்சோலை மின்நிலையத்தில் எரியும் நிலக்கரி. அதில் ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ காபனீரொட்சைட்டு. பகலில் நான் கொடுக்கும் யூனிட் எதை நிறுத்துகிறது என்பதும் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் டீசல், ஒரு நாள் அணைத் தண்ணீர். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் தேவை குறைந்து, கூரைச் சோலாரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பகலில் மிச்சம், இரவில் தட்டுப்பாடு! நிலக்கரி நிலையம் வருவதாக இருந்த சம்பூரில் இப்போது சோலார் வருகிறது, நல்லது. ஆனால் அதுவும் பகல் மின்சாரம்தான்.

அதனால் தண்ணி மோட்டர், வாஷிங் மெஷின், ஸ்திரிக்கைப் பெட்டி எல்லாம் எங்கள் வீட்டில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில். நெட் அக்கவுண்டிங்கில் இதனால் பில்லில் ஒரு சதமும் மாறாது என்று தெரிந்துதான் செய்கிறோம். மத்தியானச் சோறும் ரைஸ் குக்கரில். காஸ் சிலிண்டர் முன்னைவிடத் தள்ளிப்போகிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் மூன்று கிலோ காபனீரொட்சைட்டு என்பதால் அந்த மிச்சத்தைத்தான் நான் நம்பிக்கையோடு எண்ணுகிறேன். 22 ரூபா காலம் முடிந்ததும் பாட்டரிக்கு விலை விசாரித்தேன். மனைவி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.