கறுப்பு உருண்டையில் நாலு துளை: மூலக்கூறு மாதிரிப் பெட்டி வாங்கலாமா?

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்காக மூலக்கூறு மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கினேன், அணுவுக்குப் பிளாஸ்டிக் உருண்டை, பிணைப்புக்குக் குச்சி என்று வருமே, அதுதான். ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. தாராளமாக வாங்கலாம், கூட வரும் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

கார்பனுக்கு 6 எலக்ட்ரான், உள்கூட்டில் 2, வெளிக்கூட்டில் 4 என்று தாளில் வட்டம் போட்டுத்தான் எல்லாரும் படித்தோம், அதைப் பார்த்தால் மீத்தேன் கூட்டல் குறி மாதிரி தட்டையாக இருக்கும் என்றுதான் தோன்றும். இந்தப் பெட்டியில் கார்பனுக்கான கறுப்பு உருண்டையில் நாலு துளை, எந்த இரண்டை எடுத்தாலும் நடுவே 109.5 டிகிரி. நாலு வெள்ளை ஹைட்ரஜனைச் செருகி வைத்தால் மூன்று காலில் நிற்கிறது, நாலாவது மேலே பார்க்கிறது. 1874-லேயே வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியாகச் சொன்ன நான்முகி வடிவம் இது. மகள் புரட்டிப் புரட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "அப்போ நாலும் ஒண்ணுதானாப்பா?" என்றாள்.

நல்ல கேள்வி. பதில் தேடிக் கையேட்டைத் திறந்தால் அங்கேதான் கோளாறு. கார்பனின் எலக்ட்ரான் அமைப்பை 1எஸ்² 2எஸ்² 2பி² என்று சரியாகப் போட்டுவிட்டு, கீழே படத்தில் 2பி-க்கு உள்ள மூன்று கட்டங்களில் (ஒரு கட்டம் என்றால் ஒரு ஆர்பிட்டால், அதாவது எலக்ட்ரான் இருக்கும் இடம்; ஒரு அம்பு ஒரு எலக்ட்ரான்) முதல் கட்டத்திலேயே இரண்டு அம்புக்குறிகளையும் மேலும் கீழுமாக அடைத்து அச்சடித்திருக்கிறார்கள். ஹுண்ட் விதிப்படி இது தப்பு. மூன்று ஆர்பிட்டாலுக்கும் ஒரே ஆற்றல், அதனால் இரண்டு எலக்ட்ரானும் ஆளுக்கொரு கட்டத்தில், ஒரே திசைச் சுழற்சியோடு இருக்க வேண்டும். பரீட்சையில் இப்படி வரைந்தால் மதிப்பெண் போய்விடும். பேனாவால் திருத்திக் கொடுத்தேன்.

அப்புறம், நாலு துளை ஏன் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இணை சேராமல் இருப்பது இரண்டே எலக்ட்ரான் என்றால் பிணைப்பும் இரண்டுதானே வரவேண்டும்? 2எஸ்-லிருந்து ஒன்று காலியான 2பி-க்கு ஏறுகிறது, பிறகு ஒரு எஸ், மூன்று பி என நாலு ஆர்பிட்டாலும் கலந்து எஸ்பி3 என்ற ஒரே மாதிரியான நாலு கலப்பு ஆர்பிட்டால் ஆகிவிடுகின்றன என்றுதான் பாடம் சொல்கிறது, ஏறச் செலவான ஆற்றல் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு பிணைப்பில் திரும்பி வந்துவிடும். ஆமாம், நாலும் ஒன்றுதான்.

இரட்டைப் பிணைப்புக்கு வளையும் குச்சிகள் இருக்கின்றன, அது அருமை. ஒற்றைப் பிணைப்புள்ள ஈத்தேனைத் திருகினால் சுழலும், இரட்டைப் பிணைப்புள்ள எத்திலீன் அசையாது, சிஸ்-டிரான்ஸ் (இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமா, எதிர்ப் பக்கமா என்ற வித்தியாசம்) அங்கேயே புரிந்துவிடுகிறது. குச்சிகள் புதிதில் ரொம்ப இறுக்கம், பிடுங்கும்போது நகம் வலிக்கும்.

வாங்கும்போது கறுப்பு உருண்டை எத்தனை என்று பாருங்கள். எங்கள் பெட்டியில் 12 தான், வைரத்தின் ஒரே ஒரு கூண்டு கட்டவே 10 போய்விட்டது.