குடைபோல மடியும் ஸ்ட்ரோலர்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

சின்னக் குழந்தையோடு வெளியே கிளம்புகிறவர்கள் பலர் வாங்குவது, குடைபோல நீளவாக்கில் மடியும் லேசான ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி. இதை வடிவமைத்த ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மடங்கும் சக்கர அமைப்பில் வேலை பார்த்த பொறியாளர். 1965-இல் அலுமினியக் குழாய்களை வைத்து அவர் உருவாக்கிய வண்டி மூன்று கிலோகூட இல்லை. இன்று வரும் வண்டிகள் கொஞ்சம் கூடுதல் எடை, ஆனால் சட்டத்தின் அமைப்பு ஏறக்குறைய அதேதான். ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியேறலாம், காரின் டிக்கியில் ஓரமாகச் செருகலாம். இந்த விஷயத்தில் இதை அடிக்க வேறு ஸ்ட்ரோலர் இல்லை.

சிக்கலும் அந்த லேசான எடையில்தான் தொடங்குகிறது. வண்டியைத் தரையில் நிலையாக அமர்த்தி வைப்பது குழந்தையின் எடை. ஹேண்டிலோ பின்சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. டயப்பர், தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி என்று நாலு கிலோ பையை அதில் மாட்டிவிட்டால், குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை வித்தியாசமே தெரியாது. பக்கிளைக் கழற்றிக் குழந்தையைத் தூக்கிய நொடியில் வண்டி மல்லாந்துவிடும். உள்ளே குழந்தை இருக்கும்போதே, நடைபாதை விளிம்பில் ஏற்றுவதற்காக ஹேண்டிலை அழுத்தினாலும் இதே கதிதான். முன்சக்கரம் எழும்பியதும் பை பின்னால் இழுத்துவிடும். அந்தப் பை உங்கள் முதுகில்தான் இருக்க வேண்டும். கீழே இருக்கும் கூடையை நம்ப முடியாது, பல மாடல்களில் இரண்டு கிலோ வைத்தாலே கூடையின் துணி தரையில் உரசுகிறது.

பிரேக்கை வாங்கும்போதே கவனியுங்கள். மலிவான மாடல்களில் இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனி மிதி இருக்கும். அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால், சரிவான இடத்தில் வண்டி அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். ஒரே மிதியில் இரண்டும் பூட்டுகிற மாடல் நல்லது. அதிலும் பூட்டு பல்லில் சரியாக விழாமல் நிற்பதுண்டு. மிதித்த பிறகு வண்டியை முன்னும் பின்னும் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையை எடுங்கள்.

சக்கரங்கள் மழமழப்பான தரைக்கு மட்டுமே. சரளையில் முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி அப்படியே நின்றுவிடும். சுழலாதபடி லாக் செய்தால் ஓரளவு போகும். மணலில் தள்ளவே வேண்டாம், திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள். லிஃப்ட் வாசலின் இடுக்கைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் உள்ளே சிக்கும், நேராகக் கடக்க வேண்டும். எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரோடு ஏறவே கூடாது.

பெல்ட் ஐந்து முனையுள்ளதாக இருக்கட்டும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒன்று கால்களுக்கு நடுவில். ஒரு வயதுக்கு மேல் குழந்தை அடம்பிடித்து முதுகை வில்லாக வளைத்துச் சறுக்கும்போது, நிறுத்துவது அந்த நடுப்பட்டைதான். தோள்பட்டையைக் குழந்தை வளர வளர மேல் துளைக்கு மாற்ற வேண்டும். பலரும் வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

மடிப்பதுதான் உண்மையான ஆபத்து. 2009-இல் அமெரிக்காவில் இந்த வகை ஸ்ட்ரோலர்கள் சுமார் 10 லட்சத்துக்குக் கீல் (சட்டம் மடியும் இணைப்பு) மேல் போட உறை கொடுக்க வேண்டி வந்தது. 12 குழந்தைகளின் விரல் நுனி கீலில் மாட்டித் துண்டானதுதான் காரணம். அதனால் முதலில் குழந்தையை இன்னொருவர் கையில் கொடுங்கள். பிறகு கூடையைக் காலி செய்து, பெல்ட்டை இருக்கைக்குள் போட்டு, பின்னால் உள்ள குறுக்குக் கம்பியை விடுவித்து, கால்மிதியை அழுத்தி ஹேண்டிலை முன்னே தள்ளுங்கள். பாதியில் இறுகினால் பலமாக அழுத்தாதீர்கள், பெரும்பாலும் பெல்ட்தான் நடுவில் சிக்கியிருக்கும். விரிக்கும்போதும் குழந்தை எட்ட நிற்கட்டும், ‘டக்’ என்று பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும்.

தூங்குவதற்கு இது ஏற்றதல்ல. சாய்வு குறைவு என்பதால் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, முழுதாகப் படுக்கவைக்க முடியாத மாடல் வேண்டவே வேண்டாம். வெயில் படுகிறதே என்று மேலே துணியைப் போர்த்துவது இன்னும் மோசம். மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் அடைபட்டு உள்ளே சூடு ஏறிவிடும். நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய், துணியை எடுத்துவிட்டுக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

நடக்கப் பழகிவிட்ட குழந்தை, இடையில் களைத்தால் ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி, தரையும் நல்ல தரை என்றால் தயங்காமல் வாங்கலாம். வாங்கும் முன் கடையிலேயே குழந்தையை உட்காரவைத்துப் பத்து அடி வேகமாகத் தள்ளிப் பாருங்கள். உயரமானவர்களுக்குப் பல மாடல்களில் ஹேண்டில் தாழ்வு. குனிந்து தள்ளும்போது ஒவ்வோர் எட்டுக்கும் கால்விரல் பின்கம்பியில் இடிக்கும். அப்படி இடித்தால் அடுத்த மாடலைப் பாருங்கள்.